மின் ஹீட்டருக்குப் பொருத்தமான ஷவர் ஹெட்டைத் தெரிவு செய்வது எப்படி? யாழ்ப்பாண வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

மார்கழி அதிகாலையில் திருவெம்பாவைக்காகக் கோயிலுக்குப் புறப்படுகிறவர்கள் கிணற்றடியில் நின்று துலாவால் அள்ளி வார்த்த காலத்தில் சுடுதண்ணீர் ஹீட்டருக்குத் தேவை இருக்கவில்லை. நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீர் விடியற்காலையிலும் வெதுவெதுப்பாகவே இருக்கும். இன்று அதே தண்ணீர் கூரைக்கு மேலுள்ள தாங்கியில் இரவு முழுவதும் குளிர்ந்து, பிறகு குழாய் வழியாக வந்து உடம்பில் விழுகிறது. வயது போனவர்கள், பிள்ளை பெற்ற தாய்மார், காய்ச்சலிலிருந்து எழும்பியவர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்காவது இளஞ்சூடான தண்ணீர் வேண்டியிருப்பதால், சுவரில் பொருத்தும் சிறிய மின் ஹீட்டர் இப்போது பல குளியலறைகளில் காணப்படுகிறது. அந்த ஹீட்டரைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள் அதன் நுனியில் பூட்டும் ஷவர் ஹெட்டை அழகுக்காக வாங்கி ஏமாறுகிறார்கள். நீர்க்குழாய் வேலை செய்பவன் என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன்.

ஷவர் ஹெட்டை மாற்றினால் தண்ணீர் முன்னையைவிடக் கூடுதலாகச் சுடுமா?

சுடலாம், ஆனால் அந்த வெப்பத்தை ஹெட் உண்டாக்குவதில்லை. இங்கே நாம் பேசுவது தண்ணீரைச் சேமித்து வைக்காமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே சுடவைக்கிற ஹீட்டரைப் பற்றியாகும். அதனுள்ளே இருக்கும் சூடாக்கும் கம்பி ஒரு நிமிடத்தில் கொடுக்கக்கூடிய வெப்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த வெப்பம் கொஞ்சத் தண்ணீருக்குள் இறங்கினால் தண்ணீர் நன்றாகச் சுடும்; கூடுதலான தண்ணீருக்குள் பங்கிடப்பட்டால் குளிர் விட்டதோடு நின்றுவிடும்.

கணக்கு இலகுவானது. 1 கிலோவாற்று மின்சாரம், நிமிடத்துக்கு 1 லீற்றர் என்ற அளவில் ஓடுகிற தண்ணீரின் வெப்பநிலையை ஏறத்தாழ 14.3 பாகை செல்சியஸ் உயர்த்தும். ஆகவே 3.5 கிலோவாற்று ஹீட்டரின் ஊடாக நிமிடத்துக்கு 3 லீற்றர் ஓடினால் வெப்பநிலை 16 பாகைக்கு மேல் உயரும். அதே ஹீட்டரின் ஊடாக 6 லீற்றர் ஓடினால் 8 பாகை மட்டுமே உயரும். நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் ஓடுகிறது என்பதில் ஷவர் ஹெட்டின் துளைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஹெட்டை மாற்றினால் சூடு மாறுவதுபோலத் தெரிவது அதனால்தான்.

எங்கள் ஊர்த் தண்ணீருக்கு எத்தனை லீற்றர் ஓட்டம் பொருத்தமானது?

பெரும்பாலானவர்களுக்கு 38 முதல் 40 பாகை வரையான தண்ணீர் இதமாக இருக்கும். மாரி காலத்து விடியற்காலையில் தாங்கித் தண்ணீர் 25 பாகை அளவில் இருப்பதாக எடுத்துக்கொண்டால், ஹீட்டர் அதனை 13 முதல் 15 பாகை வரை உயர்த்தினால் போதும். 13 பாகை உயர்த்துவதற்கு, 3.5 கிலோவாற்று ஹீட்டரில் நிமிடத்துக்கு 3.8 லீற்றரும், 4.5 கிலோவாற்று ஹீட்டரில் 5 லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவும், 5.5 கிலோவாற்று ஹீட்டரில் 6 லீற்றரும் ஓடலாம். இந்த எண்ணிக்கைதான் நீங்கள் கடைக்குக் கொண்டு போக வேண்டியது. ஹெட்டின் விட்டமும் நிறமும் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

மாலை வேளையில் மின்னழுத்தம் குறைகிற இடங்களில், குறிப்பாக மின்மாற்றியிலிருந்து தூரத்தில் இருக்கும் வீடுகளில், இந்தக் கணக்கையும் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். 230 வோல்ற்றுக்குப் பதிலாக 210 வோல்ற்று வந்தால், 3.5 கிலோவாற்று ஹீட்டர் உண்மையில் 2.9 கிலோவாற்று அளவு வேலையைத்தான் செய்யும். விடியற்காலையில் நன்றாகச் சுடும் ஹீட்டர் இரவு 7 மணிக்குச் சோர்ந்துபோவதை அவதானித்தவர்கள், ஹெட்டையோ ஹீட்டரையோ குறை சொல்வதற்கு முன்னர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

ஓட்டத்தை வீட்டிலேயே அளப்பது எப்படி?

பழைய ஷவர் ஹெட்டைக் கழற்றாமல், குளிக்கும்போது திறக்கிற அளவுக்குக் குழாயைத் திறந்து, ஒரு வாளியை நேராகக் கீழே பிடித்து, கைத்தொலைபேசியில் சரியாக ஒரு நிமிடம் பார்த்து நிறுத்துங்கள். பிறகு அந்தத் தண்ணீரை 1 லீற்றர் சோடாப் போத்தலால் அளந்து ஊற்றி எண்ணுங்கள். அடுத்ததாக ஹெட்டைக் கழற்றிவிட்டு, வெறும் ஹோசை ஹெட் தொங்குகிற அதே உயரத்தில் பிடித்து மறுபடியும் அளந்து பாருங்கள்.

இரண்டாவது அளவு மிக முக்கியமானது. உங்கள் தாங்கியும் குழாயும் ஹீட்டரும் சேர்ந்து தரக்கூடிய உச்ச அளவு அதுதான். எந்த ஹெட்டை வாங்கினாலும் அதற்கு மேல் ஒரு சொட்டும் வராது. ஹெட் இல்லாமல் 7 லீற்றரும் ஹெட்டோடு 3 லீற்றரும் வந்தால் ஹெட்டில்தான் தடை இருக்கிறது. ஹெட் இல்லாமலும் 3 லீற்றர்தான் வருகிறது என்றால் புதிய ஹெட் வாங்குவது வீண்செலவு. ஹீட்டரின் வாயிலில் இருக்கும் சல்லடையையும் தாங்கியின் உயரத்தையும் பார்க்க வேண்டும்.

தாங்கியின் உயரத்துக்கும் ஷவர் ஹெட்டுக்கும் என்ன தொடர்பு?

எங்கள் வீடுகளில் மோட்டர் தண்ணீரைத் தாங்கிக்கு ஏற்றுகிறது. தாங்கியிலிருந்து தண்ணீர் தன் பாரத்தாலேயே இறங்குகிறது. தாங்கியில் நிற்கும் தண்ணீரின் மட்டத்துக்கும் ஷவர் ஹெட்டுக்கும் இடைப்பட்ட உயரத்தில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒற்றை மாடி வீட்டின் கொங்கிறீற் தட்டில் வைத்த தாங்கிக்கும் ஹெட்டுக்கும் இடையே 2 அல்லது 3 மீற்றர்தான் இருக்கும் என்பதால், கிடைப்பது 0.2 அல்லது 0.3 பார் மட்டுமே. நிலத்திலிருந்து தாங்கி எவ்வளவு உயரம் என்று பலர் சொல்கிறார்கள். கணக்குக்கு வேண்டியது அதுவல்ல, ஹெட்டிலிருந்து எவ்வளவு உயரம் என்பதே. மேல்மாடிக் குளியலறையில் இருக்கும் ஷவர் கீழ்மாடியில் இருப்பதைவிட மெலிதாக ஓடுவதற்கு இதுவே காரணம்.

ஹீட்டர்களுக்கும் ஓர் அடிமட்ட அழுத்தம் தேவை. அதன் அளவு ஒவ்வொரு ஹீட்டருக்கும் வேறுபடும். பெட்டியிலோ கையேட்டிலோ அச்சிட்டிருப்பார்கள். அதே பெட்டியில் வந்த ஹெட் பெரும்பாலும் அந்த அழுத்தத்துக்கு ஏற்பச் செய்யப்பட்டது. அழகில்லை என்று அதனை எறிந்துவிடாதீர்கள். புதியது சரிவராவிட்டால் திரும்பப் பூட்டுவதற்கு அது வேண்டும்.

மழைபோல் கொட்டும் பெரிய ஷவர் ஹெட்டைப் பூட்டலாமா?

தாங்கித் தண்ணீரில் இயங்கும் சிறிய மின் ஹீட்டருக்கு அது பொருந்தாது. நான் சொந்தக் காசைச் செலவழித்து அறிந்துகொண்ட விடயம் இது. எங்கள் வீட்டுக் குளியலறையைத் திருத்தியபோது, எந்த ஹீட்டருக்கும் பொருந்தும் என்று கடையில் கொடுத்த உறுதியை நம்பி, சாப்பாட்டுக் கோப்பை அளவில் தட்டையான, பளபளப்பான ஒரு ஹெட்டை வாங்கிப் பூட்டினேன். முதல்நாள் குழாயைத் திறந்தபோது, ஹெட்டின் துளைகள் உள்ள முகத்தில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தண்ணீர் கயிறு கயிறாக ஒழுகியது. மற்றப் பக்கத்துத் துளைகளின் நுனியில் துளிகள் உருண்டு தொங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து, பாரம் தாங்காமல் ஒவ்வொன்றாக விழுந்தன. தலையில் சூடும் முதுகில் குளிருமாக என் தாயார் குளித்துவிட்டு வந்து, வாளியும் சுடுதண்ணீர்க் கேத்திலும் போதும் என்று சொல்லிவிட்டார்.

காரணத்தைப் பின்னர் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 4 லீற்றர் தண்ணீர் 100 துளைகளுக்குப் பங்கிடப்பட்டால் ஒரு துளைக்கு நிமிடத்துக்கு 40 மில்லிலீற்றர்தான் கிடைக்கும். அதே 4 லீற்றர் 40 துளைகளுக்குப் பங்கிடப்பட்டால் ஒவ்வொரு துளைக்கும் 100 மில்லிலீற்றர் கிடைத்து, தண்ணீர் தாரையாகப் பாயும். பெரிய ஹெட் தண்ணீரைக் கூட்டுவதில்லை; இருக்கிற தண்ணீரைச் சிதறடித்துவிடுகிறது. உயரத்தில் பூட்டப்பட்டால், மெல்லிய துளிகள் விழும் வழியிலேயே சூட்டையும் இழக்கின்றன.

அப்படியானால் கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கையில் பிடித்துக் குளிக்கக்கூடிய, முகத்தின் விட்டம் 7 முதல் 10 சென்ரிமீற்றர் வரையான, துளைகள் 30 முதல் 50 வரை உள்ள ஹெட் எங்கள் வீடுகளுக்கு ஏற்றது என்பது என் அனுபவம். துளைகள் மிகவும் நுண்ணியவையாக இருக்கக்கூடாது. ஊசிமுனை போன்ற துளைகளை உடைய ஹெட்டுகள் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சும் என்று விளம்பரம் செய்யப்படுகின்றன. நல்ல அழுத்தம் இருக்கும் இடத்தில் அது உண்மை. 0.3 பார் அழுத்தத்தில் அந்தத் துளைகள் ஓட்டத்தை ஹீட்டரே நின்றுபோகும் அளவுக்குக் குறைத்துவிடும். மூன்று மாதத்துக்குள் சுண்ணாம்பும் அடைத்துவிடும்.

துளைகள் கடினமான பிளாஸ்ரிக்கில் குத்தப்பட்டவையா, அல்லது மென்மையான சிலிக்கன் காம்புகளா என்று விரலால் தடவிப் பாருங்கள். காம்பாக இருந்தால், படியும் சுண்ணாம்பைப் பெருவிரலால் உருட்டியே உதிர்க்கலாம். யாழ்ப்பாணத்தில் இந்த ஒரு விடயத்துக்காகவே சற்றுக் கூடுதலான விலை கொடுப்பது நியாயமானது.

தண்ணீர் விழும் விதத்தைத் திருகி மாற்றும் ஹெட்டுகளில் இரண்டு அல்லது மூன்று விதங்கள் போதும். அதற்கு மேல் இருந்தால் அவற்றில் பல குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யமாட்டா. புகைபோலத் தூவும் விதம் சூட்டை விரைவில் இழக்கும். காற்றைக் கலந்து துளிகளைப் பருக்கவைக்கும் வகை நல்ல அழுத்தம் இல்லாத இடத்தில் காற்றை இழுக்காது. ஒரு விதத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருகும்போது இடையில் தண்ணீர் முற்றாக நின்றுபோகும் ஹெட்டையும் தவிர்த்துவிடுங்கள்.

ஹெட்டைத் திருகிப் பூட்டும் புரியைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. இங்கே விற்கப்படும் ஹோசும் ஹெட்டும் அநேகமாக அரை அங்குலப் புரி கொண்டவை. பழைய ஹெட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தால் சந்தேகமே வராது. உள்ளே இருக்கும் றப்பர் வளையத்தையும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பிடியில் தண்ணீரை நிறுத்தும் பொத்தான் உள்ள ஹெட்டைப் பாவிக்கலாமா?

பாவிக்கக்கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரேயொரு விடையை மட்டும் வாசிப்பதாயின் இதனை வாசியுங்கள்.

ஒரு குளியலறைக்கு மட்டும் என்று செய்யப்பட்ட சிறிய ஹீட்டர்களில் பெரும்பாலானவை, தண்ணீர் வெளியேறும் பக்கம் எப்போதும் திறந்திருக்கும் என்ற எண்ணத்தோடு வடிவமைக்கப்பட்டவை. தண்ணீரை நிறுத்துவதும் விடுவதும் ஹீட்டருக்குள் நுழையும் பக்கத்தில் மட்டுமே நடைபெற வேண்டும். வெளியேறும் பக்கத்தை ஒரு பொத்தானாலோ, ஹோசின் நடுவில் பூட்டிய சிறு குழாயாலோ அடைத்தால், உள்ளே சூடேறிக்கொண்டிருக்கும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் போகும். ஹீட்டரின் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்பது உண்மை. ஆனால் சுண்ணாம்பு படிந்து பழசாகிப்போன ஹீட்டரில் ஒரு சுவிட்சை மட்டும் நம்பி உயிரை ஒப்படைக்க முடியாது. அடைப்பைத் திறந்தவுடன் முதலில் வருவது கொதிக்கிற தண்ணீராகவும் இருக்கலாம். 60 பாகைத் தண்ணீர் சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதைவிடக் குறைந்த நேரமே போதும்.

கழிப்பறையில் பூட்டும் துப்பாக்கி வடிவக் கைக்குழாயை ஹீட்டர் ஹோசில் இணைப்பதும் இதே தவறுதான். ஹோஸ் மடிந்து முறுகி நிற்பதும், துளைகள் முற்றாக அடைபட்டிருப்பதும் அதே விளைவைத் தரும்.

லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர்கள் கொண்டுவரும் ஷவர்கள் இங்கே பொருந்துமா?

ஹெட்டையும் ஹீட்டரையும் வேறுவேறாகப் பார்க்க வேண்டும்.

பிரித்தானியாவில் மின் ஷவருக்கென்றே விற்கப்படும் ஹெட் இங்கே பெரும்பாலும் நன்றாகப் பொருந்தும். அங்கே மாரியில் குழாய்த் தண்ணீர் 5 முதல் 10 பாகை வரைதான் இருக்கும் என்பதால், 9.5 கிலோவாற்று ஷவரும் 30 பாகை உயர்த்தும்போது நிமிடத்துக்கு நாலரை லீற்றர்தான் தருகிறது. அதாவது, அந்த ஹெட் எங்கள் சிறிய ஹீட்டர்களின் ஓட்டத்துக்கு அண்மையான ஓட்டத்துக்காகச் செய்யப்பட்டது. புரியும் அதே அரை அங்குலம்தான். வாங்கச் சொல்லும்போது மின் ஷவருக்கு உரியது, குறைந்த அழுத்தத்துக்கு உரியது என்ற இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

அந்த நாட்டு மின் ஷவரை முழுதாகக் கொண்டுவந்து பூட்டுவது வேறு கதை. 9.5 கிலோவாற்று ஷவர் 40 அம்பியருக்குக் கிட்ட இழுக்கும். இங்குள்ள சாதாரண வீடுகளுக்கு இருப்பது 30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்பு. வீட்டில் வேறொன்றும் இயங்காவிட்டாலும் அது போதாது. தாங்கி தராத அழுத்தத்தையும் அந்த ஷவர் எதிர்பார்க்கும். அன்போடு சுமந்து வந்த பொருளை வேண்டாம் என்று சொல்வது கடினம் என்பதால், பயணத்துக்கு முன்னரே தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது.

வட அமெரிக்கச் சந்தைக்கான ஹெட்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம் ஷவர் ஹெட்டின் ஓட்டத்தை நிமிடத்துக்கு 2.5 கலனுக்கு, அதாவது 9.5 லீற்றருக்கு மட்டுப்படுத்தியது. அந்த அளவு 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் எடுக்கப்படுவது. அந்த அழுத்தத்தைத் தாங்கியால் பெறுவதாயின் தாங்கி ஹெட்டிலிருந்து 56 மீற்றர் உயரத்தில் நிற்க வேண்டும். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைவதால், 3 மீற்றர் உயரத் தாங்கியில் அதே துளைகளின் வழியாக நிமிடத்துக்கு 2 லீற்றருக்குச் சற்று மேல்தான் வரும். உள்ளே ஓட்டத்தைக் குறைக்கும் சிறிய பிளாஸ்ரிக் வில்லை இருந்தால் அதனைக் கழற்றிப் பார்க்கலாம். புரியின் கோணமும் வேறு: பிரித்தானியப் புரியும் அமெரிக்கப் புரியும் அரை அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்கு 14 சுற்றுகள் என்ற கணக்கில் ஒன்றாக இருப்பதால் திருகத் தொடங்கும், ஆனால் ஒன்று 55 பாகைக் கோணமும் மற்றது 60 பாகைக் கோணமும் கொண்டவை என்பதால் சரியாக இறுகாமல் கசியும்.

ஆறு மாதத்துக்குள் துளைகள் வெள்ளையாக அடைபட்டுவிடுகின்றன. என்ன செய்வது?

குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டே கிணற்றுக்கு இறங்குவதால் எங்கள் தண்ணீர் வன்தண்ணீர். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவத்தை எல்லோரும் கண்டிருப்பீர்கள். தண்ணீர் சூடாகும்போது கரைந்திருந்த சுண்ணாம்பு வெளியே வந்து படிகிறது. ஆகையால் குளிர்தண்ணீர் ஷவரைவிட ஹீட்டரில் பூட்டிய ஷவர் விரைவாக அடைபடும். சுன்னாகத்துப் பக்கம் ஒரு வீட்டில் கழற்றிய ஹெட்டை என் உள்ளங்கையில் தட்டியபோது, முட்டை ஓட்டைப்போன்ற மெல்லிய வெள்ளைத் துண்டுகள் விழுந்தன; அவற்றில் சிலவற்றில் துளைகளின் அடையாளம் வட்ட வட்டமாக அப்படியே பதிந்திருந்தது. ஹீட்டருக்குள் படிந்த சுண்ணாம்பு உரிந்து வந்து ஹெட்டின் உட்பக்கத்தில் சிக்கியிருந்தது. வெளியே மட்டும் தேய்த்துக் கழுவுகிறவர்கள் இதனைக் காண்பதில்லை.

மாதம் ஒருமுறை காம்புகளை விரலால் உருட்டிவிடுங்கள். இரண்டு அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெட்டைக் கழற்றி, வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாத்திரத்தில் முகம் கீழே இருக்கும்படி ஒரு மணித்தியாலம் ஊறவையுங்கள். தேசிக்காய்ப் புளியும் அதே வேலையைச் செய்யும். பிழிந்த தேசிக்காய்த் தோலை எறியாமல் துளைகளின் மேல் தேய்த்துவிடலாம். பிறகு பழைய பல்துலக்கியால் தேய்த்து, பின்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவுங்கள். இரவு முழுவதும் ஊறவைத்தால் பளபளப்பான மேற்பூச்சுக் கெட்டுவிடும். கழிப்பறை கழுவும் அமிலத்தை ஒருபோதும் பாவிக்க வேண்டாம். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகித் தாரை கோணலாகப் பாயும்.

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, குழாய்நீர் விநியோகம் குடாநாட்டுக்குள் விரிவடைந்து வருகிறது. அந்தத் தண்ணீரைக் குளியலறைக்கும் எடுக்கிற வீடுகளில் இந்தத் தொல்லை கணிசமாகக் குறையும்.

தீவகத்திலும் கரையோரத்திலும் தண்ணீர் உவராக இருக்கிறது. எந்த ஹெட் தாங்கும்?

உவர்த் தண்ணீர் மேற்பூச்சுப் பூசிய மலிவான உலோகத்தைச் சீக்கிரம் அரித்துவிடும். முதலில் புரிக்கு அருகில் பச்சையாகப் பூக்கும், பிறகு ஹெட் ஹோசோடு ஒட்டிப்போய்க் கழற்ற முடியாமல் நிற்கும். வேலணை, காரைநகர் போன்ற இடங்களில் கெட்டியான பிளாஸ்ரிக் ஹெட்டும், உலோகச் சுருள் இல்லாத பிளாஸ்ரிக் ஹோசும் நல்லவை. உவரான தண்ணீர் ஹீட்டரின் சூடாக்கும் கம்பியையும் அரிக்கும் என்பதால், அங்கே ஹீட்டரை வருடம் ஒருமுறையாவது திறந்து பார்ப்பிக்க வேண்டும்.

தண்ணீர் சுட்டு, திடீரெனக் குளிர்ந்து, மறுபடியும் சுடுகிறது. ஹீட்டர் பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. தண்ணீர் ஓட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் ஹீட்டரின் சுவிட்ச் தானாகவே நின்றுவிடும். அல்லது ஓட்டம் குறைந்து தண்ணீர் மிகையாகச் சூடேறும்போது வெப்பப் பாதுகாப்பு அதனை நிறுத்திவிடும். ஆறியதும் மறுபடியும் தொடங்கும். காதைக் கொடுத்துக் கேட்டால் பெட்டிக்குள் 'டிக்' என்ற சத்தம் ஒவ்வொரு முறையும் கேட்கும். ஹெட்டைக் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள். சத்தம் நின்று சூடு சீரானால் குற்றம் ஹெட்டில்தான்: அடைபட்டிருக்கிறது, அல்லது அதன் துளைகள் உங்கள் தாங்கிக்கு மிகச் சிறியவை. ஹெட் இல்லாமலும் அதே நிலை தொடர்ந்தால் மின்னிணைப்புத் தெரிந்தவரை அழையுங்கள்.

கல்மணிகள் போட்ட, தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஹெட் வன்தண்ணீரை மாற்றுமா?

மாற்றாது. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுப்பதற்கு உரிய மென்மையாக்கும் கருவி வேண்டும்; கைப்பிடிக்குள் உருளும் ஒரு பிடி மணிகளால் அது நடைபெறாது. அந்த மணிகளும் பஞ்சும் ஓட்டத்துக்குக் கூடுதலான தடையாக அமையும் என்பதால், தாங்கித் தண்ணீரில் இயங்கும் ஹீட்டருக்கு இவை உகந்தவையல்ல.

ஓட்டம் போதாவிட்டால் மோட்டர் பூட்டலாமா?

பூட்டலாம், ஆனால் ஹீட்டருக்கு முன்னால் மட்டுமே பூட்ட வேண்டும், ஹீட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையில் பூட்டக்கூடாது. அதற்கு முன்னர் செலவு குறைந்த வழிகளைப் பார்த்துவிடுங்கள். தாங்கியிலிருந்து குளியலறை வரைக்கும் முக்கால் அங்குலக் குழாய் வந்து, ஹீட்டருக்குக் கிட்ட மட்டும் அரை அங்குலமாகக் குறைந்தால் ஓட்டம் நன்றாக இருக்கும். தொடக்கத்திலிருந்தே அரை அங்குலக் குழாயாக, எட்டுப் பத்து முழங்கைகளோடு வளைந்து வந்தால் தண்ணீர் களைத்துப்போகும். தாங்கியை ஒரு மீற்றர் உயர்த்துவது சத்தமோ மின்செலவோ இல்லாத தீர்வு. உள்ளே சிறிய மோட்டர் வைத்த ஹீட்டர்களும் கிடைக்கின்றன. மேல்மாடிக் குளியலறைக்கு நான் சொல்வது அவற்றைத்தான்.

சரியான ஹெட் மின்கட்டணத்தைக் குறைக்குமா?

ஓரளவுக்குக் குறைக்கும். 4.5 கிலோவாற்று ஹீட்டர் 8 நிமிடம் முழு வலுவில் இயங்கினால் 0.6 அலகு செலவாகும். ஒழுகுகிற பெரிய ஹெட்டின் கீழே நின்று சவர்க்காரம் போவதற்கு 15 நிமிடம் எடுப்பவர், தாரையாகப் பாயும் சிறிய ஹெட்டில் 8 நிமிடத்தில் முடித்துவிடுவார். ஐந்து பேர் உள்ள வீட்டில் மாத முடிவில் அது கண்ணுக்குத் தெரியும். சித்திரை வெயிலில் தாங்கித் தண்ணீர் மத்தியானத்தில் தானாகவே சுடும் என்பதால், அப்போது ஹீட்டரைத் தொடவே தேவையில்லை.

மின்னிணைப்பில் கவனிக்க வேண்டியவை எவை?

3.5 கிலோவாற்று ஹீட்டர்கூட 15 அம்பியர் இழுக்கும். ஆகவே 13 அம்பியர் பிளக்கில் அதனைச் செருகக்கூடாது. பிளக் உருகிக் கருகிய வீடுகளை நான் கண்டிருக்கிறேன். பிரதான பெட்டியிலிருந்து தனி வயரும், தனி பிரேக்கரும், இரு கம்பிகளையும் துண்டிக்கும் சுவிட்சும், முறையான புவித்தொடுப்பும், வேலை செய்கிற ட்ரிப் சுவிட்சும் கட்டாயம். வயரின் பருமனைத் தகைமையுள்ள மின்னிணைப்பாளர் தீர்மானிக்கட்டும். ட்ரிப் சுவிட்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்; அது விழாவிட்டால் ஹீட்டரைப் பாவிக்க வேண்டாம். ஷவர் ஹெட்டைக் கழற்றும்போதும் பூட்டும்போதும் ஹீட்டரின் சுவிட்ச் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

வருடத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஹெட்டை என்ன செய்வது?

நல்லூர்த் திருவிழாவுக்கு மட்டும் திறக்கப்படும் வீடுகள் எங்கள் ஊர்களில் ஏராளம். பூட்டிப் போகும்போது தாங்கியிலிருந்து வரும் குழாயை அடைத்து, ஹெட்டையும் ஹோசையும் கழற்றித் தண்ணீரை வடித்து, உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். ஈரத்தோடு விட்டால் உள்ளே பாசியும் கிருமிகளும் வளரும். தேங்கி நின்ற தண்ணீர் தூவலாக வரும்போது மூச்சோடு உள்ளே போகக்கூடும் என்பதால் இது வெறும் அழுக்குப் பிரச்சினையல்ல. திரும்பி வந்ததும் தாங்கியைக் கழுவி நிரப்பி, ஹீட்டரின் சுவிட்சைப் போடாமல், ஹெட் பூட்டாத ஹோசால் ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். முதலில் துருவும் மணலும் கலந்து கலங்கலாக வரும். தெளிந்த பிறகு ஹீட்டரின் வாயில் சல்லடையைக் கழுவி, ஊறவைத்துத் துப்புரவாக்கிய ஹெட்டைப் பூட்டி, தண்ணீர் சீராகப் பாய்வதைக் கண்ட பின்னரே சுவிட்சைப் போடுங்கள்.